சிக்னல் கேமராவும் சேரியின் கேள்வியும்

காலை 7 மணிக்குப் பாடி லூகாஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களும் பகல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் சாலையைக் கடப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிகள், அண்ணா நகர் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்கள், துடைப்பமும் கூடையுமாக வரும் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு சிவப்பாக இருந்தாலும் கையை உயர்த்திக் காட்டியபடி ஓடித்தான் கடக்க வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் எல்லா வண்டியும் நின்றுவிடும் என்று அங்கே யாரும் நம்புவதில்லை.

எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு சம்பவங்கள் நடந்தன. முதலாவது, தனியார் வளாகம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு நேர்ந்தது. சிவப்பு விழுந்த பிறகும் நிற்காமல் வந்த கார் அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. தொடை எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்துக் கிடந்தார். "மூணு வண்டி நின்னுச்சு தம்பி, நாலாவது நிக்கல" என்றார். அந்தக் காரின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் கேமராவும் கிடையாது. இழப்பீடு கேட்க எதிராளி இல்லாத வழக்கு அது. நான்கு மாதக் கூலி போனது, வேலையும் போனது.

இரண்டாவது, அதே தெருவில் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பிக்கு நேர்ந்தது. பழைய பைக் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். பெயர் மாற்றச் சேர்த்து வைத்த பணத்தோடு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்த வண்டியின் மேல் மூன்று சிக்னல் சலான்கள் நிற்பது தெரிந்தது. முதலாவது 500 ரூபாய், அடுத்த இரண்டும் தலா 1,500, மொத்தம் 3,500 ரூபாய். குறுஞ்செய்தி எல்லாம் பழைய உரிமையாளரின் கைப்பேசிக்குப் போயிருந்தன. "ரெண்டு என் தப்புதான்ணே. ஆர்டர் லேட்டானா காசு குறையும்னு போயிட்டேன். ஆனா மூணாவது, பின்னாடி ஆம்புலன்ஸ் வந்துச்சு, வழி விட முன்னாடி நகர்ந்தேன்" என்றான். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். கோட்டைத் தாண்டினால் கேமரா படம் எடுக்கிறது. பின்னால் வந்த சைரனைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லாது.

அந்த அக்காவுக்கு அந்தச் சாலையில் கேமரா வேண்டும். தம்பிக்கோ கேமரா என்றாலே பயம். இருவரும் நம்மவர்கள். சிக்னல் கேமராவையும் மின்னணு சலானையும் பற்றிப் பேசும்போது நாம் யார் பக்கம் பேசுவது? இருவர் பக்கமும் நின்று பேச முடியும், பேசவும் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 136ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நெடுஞ்சாலைகளிலும் நகரச் சாலைகளிலும் மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பதை மாநில அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது அது. அதை நடைமுறைப்படுத்த 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி வந்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், இவற்றை நிறைவேற்ற என்ன செய்தீர்கள் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைக் கேட்டது. முதலில் பதில் சொல்ல வேண்டிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நமக்குப் பக்கத்தில் அண்ணா நகர்ச் சந்திப்புகளில் எண் பலகையைத் தானே படிக்கும் கேமராக்கள் சில ஆண்டுகளாகவே இயங்குகின்றன. கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடுகிறார்கள்.

2025 அக்டோபரில் மத்திய அரசு இன்னொரு வரைவை வெளியிட்டது. சலான் வந்தால் 45 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும் அல்லது மறுப்புத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதன் பிறகும் கட்டாவிட்டால் அந்த வண்டி, ஓட்டுநர் உரிமம் தொடர்பான விண்ணப்பங்கள் எடுத்துக்கொள்ளப்படாது. நம் தெருக்களில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டிய வரிகள் இவை.

கேமரா வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள், அதாவது 64,105, நடந்தது நம் மாநிலத்தில்தான். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19 சதவீதத்துக்கும் மேல் நடந்து போனவர்கள். அரசின் விபத்து அறிக்கையில் சாதிக் கணக்கு இல்லை. ஆனால் காரில் போகிறவர் யார், நடந்து போகிறவர் யார் என்பது ஊருக்கே தெரியும். சாலையில் சிந்தும் ரத்தத்தில் பெரும்பங்கு ஏழையின் ரத்தம்.

இன்னொரு காரணத்தை நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். வாகனச் சோதனையில் வண்டியை நிறுத்தியதும் சிலரிடம் உரிமம் மட்டும் கேட்கப்படும். சிலரிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்றும் கேட்கப்படும். வண்டியில் அண்ணல் அம்பேத்கர் படம் ஒட்டியிருந்தால் குரலின் தொனியே மாறிவிடுவதைப் பல இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேமரா பெயரைக் கேட்காது, தெருவைக் கேட்காது. தெரிந்தவர் என்று ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைப் பிடிக்காது, கை நீட்டாது. ஆளைப் பார்த்து மாறாத சட்டம் என்பது நாம் நூறாண்டுகளாகக் கேட்டு வருவது. அந்த வகையில் இந்தக் கருவியை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான்.

சாலை நமக்கு வெறும் போக்குவரத்து விஷயமும் அல்ல. 1924-ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. அதே ஆண்டில் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னாளில் அண்ணல் தலைமையில் உருவான அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலை என்ற சொல்லும் இடம்பெற்றது. நடக்கும் உரிமை ஏட்டில் வந்து நூறாண்டு ஆகிறது. உயிரோடு கடக்கும் உரிமைதான் பாடியில் இன்னும் பாக்கி.

ஆனால் கேமராவுக்குச் சாதி தெரியாது என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. அதை எந்த இடத்தில் நடுவது, மஞ்சள் விளக்கை எத்தனை விநாடி எரியவிடுவது, நோட்டீஸை எந்த முகவரிக்கு அனுப்புவது, மறுப்பை யார் கேட்பது எல்லாம் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். சாதி நுழைய அந்த வாசல்கள் போதும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்குப் பாடம். அங்கே சிக்னல் கேமராவும் வேகக் கேமராவும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் பல லட்சம் சலான்களை ஆராய்ந்து 2022 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 2015 முதல் 2019 வரை, கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் வீடுகளுக்கு, வெள்ளையர் பகுதிகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வீதத்தில் கேமரா அபராதம் வந்திருந்தது. கேமரா நிறம் பார்க்கவில்லை. அந்த மக்களின் பகுதிகளில் சாலைகள் அகலமாக, வண்டிகள் சீறிப் பாயும்படி அமைக்கப்பட்டிருந்தன. நடப்பவர்களுக்கான வசதிகள் குறைவு. சாலையைத் தப்பாக அமைத்தது ஒருவர், அபராதம் கட்டியது வேறொருவர். 2014-ல் அதே நகரத்தில் மஞ்சள் விளக்கு 3 விநாடிக்கும் சற்றுக் குறைவாக எரிந்த இடங்களில் மட்டும் சுமார் 77,000 சலான்கள் போடப்பட்டது வெளிவந்தது. கேமரா நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கிய முன்னாள் மாநகர அதிகாரி ஒருவருக்கு 2016-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கருவி பொய் சொல்லாமல் இருக்கலாம். அதை இயக்குபவருக்கும் அதே உத்தரவாதத்தைத் தர முடியாது.

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். பாடியிலிருந்து திருநின்றவூர் வரையிலான சாலையை அகலப்படுத்தும் திட்டம் எத்தனை ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது என்பது அம்பத்தூர், ஆவடி மக்களுக்குத் தெரியும். பல இடங்களில் நடைபாதை இல்லை. இருக்கும் இடத்திலும் கடையும் வண்டியும்தான் நிற்கின்றன. ஜீப்ரா கோடு தேய்ந்து போயிருக்கிறது. நிறுத்தக் கோடே தெரியாத சந்திப்பில், கோட்டைத் தாண்டினாய் என்று சலான் அனுப்பினால் அது நியாயமா?

இதற்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. 2019 திருத்தத்தில் 198ஏ என்றொரு பிரிவும் சேர்க்கப்பட்டது. சாலையை வடிவமைக்கும், கட்டும், பராமரிக்கும் அதிகாரியோ ஒப்பந்ததாரரோ வகுக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 210பி பிரிவோ, சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரே அதை மீறினால் இரண்டு மடங்கு அபராதம் என்கிறது. பைக்கில் போகிற தம்பிக்கு விநாடியில் சலான் போடக் கருவி வந்துவிட்டது. 198ஏ-வில் சலான் போட ஒரு கருவியும் வரவில்லை. கீழே இருப்பவனை நோக்கியே திரும்பியிருக்கும் கேமராவை எப்படிப் பொதுவானது என்பது?

அடுத்து அபராதத் தொகை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் தொகைகள் உயர்த்தப்பட்டன. தலைக்கவசம் இல்லையென்றால் 1,000 ரூபாய். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். சிக்னலை மீறினால் முதல் முறை 500, அடுத்து 1,500. மாதம் 1 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு 500 ரூபாய் ஒரு மாலை நேரச் சிற்றுண்டிச் செலவு. தினக்கூலிக்கு அது ஒரு நாள் அடுப்பு. பின்லாந்து நாட்டில் நூறாண்டுகளாகக் குற்றவாளியின் வருமானத்தைக் கணக்கிட்டு அபராதம் விதிக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2023-ல் வேகக் கேமராக்களுக்குச் சட்டம் இயற்றியபோது, வருமானம் குறைந்தவர்களுக்கு அபராதத்தைக் குறைக்க அதிலேயே வழி வைத்தது. ஏழை தப்புச் செய்தால் விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தண்டனையின் வலி எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும் என்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது 'ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்ற வாசகம். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்கள், கைப்பேசி எண்ணை மாற்றியவர்கள், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடம்பெயர்க்கப்பட்டு முகவரி மாறியவர்கள், ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவர்கள் என நம்மிடையே எத்தனை பேர்! 45 நாள் முடிவதற்குள் சலான் வந்ததே இவர்களில் பலருக்குத் தெரியாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நம் மீது எழுதப்பட்ட கணக்குகள் சரித்திரத்தில் ஏராளம். கையில் கிடைக்காத காகிதத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதால் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது இயற்கை நீதி ஆகாது. அதைக் காரணமாக்கி லோடு ஆட்டோவின் எஃப்.சி. நின்றுபோனால் அந்தக் குடும்பத்தின் சோறே நின்றுபோகும்.

பெயர் மாற்றாமல் ஓட்டியது அந்தத் தம்பியின் தவறுதானே என்று கேட்கலாம். ஆம், தவறுதான். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதற்கான செலவும் நடையும் இடைத்தரகர் கூலியும் சேர்ந்து ஒரு மாத வாடகையை விழுங்கிவிடும் என்பதால்தான் அது தள்ளிப்போகிறது. அபராதம் வசூலிக்கத் தெருத்தெருவாகக் கேமரா வைக்க முடிகிற அரசால், பெயர் மாற்றத்துக்குக் காலனிதோறும் ஒரு நாள் முகாம் நடத்த முடியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. கேமரா வைக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் அதற்கு முன்பாக நிறுத்தக் கோடு, ஜீப்ரா கோடு, நடப்பவருக்கான விளக்கு மூன்றும் இருக்க வேண்டும். எந்தச் சந்திப்பு என்பதை அங்கே நடந்த விபத்துக் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், வசூல் கணக்கைப் பார்த்து அல்ல. அந்தப் பட்டியலும் மஞ்சள் விளக்கின் விநாடிக் கணக்கும் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கேமரா நிறுவனத்துக்குச் சலானுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கக் கூடாது. நோட்டீஸ் தமிழில் வர வேண்டும். கையில் சேர்ந்த நாளிலிருந்துதான் 45 நாள் கணக்குத் தொடங்க வேண்டும். மறுப்பைச் சொல்ல இணையதளம் மட்டும் போதாது, தாலுகா அளவில் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். வருமானச் சான்று காட்டுபவருக்குத் தொகைக் குறைப்பும் தவணையும் வேண்டும். வசூலாகும் பணம் அதே சாலையில் நடைபாதை போடச் செலவாக வேண்டும். அரசு வாகனம் சிவப்பைத் தாண்டினால் அதற்கும் சலான் போக வேண்டும்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. 167ஏ விதியைத் தேடிப் படியுங்கள். கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்றும், கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும் என்றும், படத்துடன் இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேட்கலாம். சான்றிதழின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் பரிவாகன் இணையதளத்தில் போட்டுச் சலான் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கைப்பேசி எண் பழையது என்றால் மாற்றிக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவின்படி பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் தாலுகா அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இது கொலை வழக்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தப்பாக வந்த சலானுக்கு எதிராகவும் அந்தக் கதவைத் தட்டலாம்.

அந்த அக்கா இப்போது கோலூன்றி நடக்கிறார். போன வாரம் சாலையைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனது, 3,500 ரூபாய் கடன் வாங்கிக் கட்டிய அதே தம்பிதான். விளக்கு சிவப்பாக இருந்தது. இருவரும் பாதி தூரம் வந்து நின்று, திரும்பிப் பார்த்து, பிறகுதான் மீதியைக் கடந்தார்கள். அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் அவர்கள் கடக்கும் நாளில்தான் இந்தக் கேமராவைச் சட்டத்தின் கண் என்று நான் ஒப்புக்கொள்வேன். அதுவரை அது கல்லாப்பெட்டியின் கண்ணா, சட்டத்தின் கண்ணா என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.